பெரிய முதலாளி வரும் நேரம்

ஆவுடைநாயகம் ஸ்பின்னிங் மில்லின் பெரிய முதலாளி இறந்து, கருமாதி முடிந்து, மில் மறுபடியும் ஓட ஆரம்பித்த காலையில், சரியாகப் பத்து மணிக்கு அவருடைய நிழல் மட்டும் மெயின் கேட் வழியாக உள்ளே வந்தது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் முப்பது வருஷப் பழக்கத்தில் எழுந்து சல்யூட் அடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நிழலுக்கு மேலே ஆள் இல்லை என்பதைக் கவனித்தார், ஆனால் அடித்த சல்யூட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வது மரியாதை இல்லை என்று கையை நெற்றியில் வைத்தபடியே நின்றார். தலையில் தொப்பி, வலது கையில் தடி, பின்னாலிருந்து யாரோ பிடித்துவரும் குடை என்று உயிரோடு இருந்தபோது எப்படி விழுமோ அப்படியே விழுந்த அந்த நிழல், புளோ ரூம், கார்டிங், ஸ்பின்னிங், ரீலிங் என்று ஒவ்வொரு டிபார்ட்மென்டாக எப்போதும் போகும் வழியில் போய், நூல் அறுந்துகிடந்த ஒரு மெஷினுக்கு முன்னால் எப்போதும் போலக் கொஞ்ச நேரம் நின்று, அங்கிருந்தவர்கள் பதறி அதை முடிச்சுப் போட்டதும் நகர்ந்து, ஜெனரேட்டர் ரூம் சுவரில் ஏறி மறைந்தது.

அதற்கு ஒரு மாதம் கழித்து நான் பிறந்தேன். அதனால் நிழல் வராத மில்லை நான் பார்த்ததே இல்லை.

முதல் வாரம் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்று அம்மா சொல்வாள். இரண்டாவது வாரம் கேன்டீனில் பத்து மணிக்குக் கருப்பட்டிக் காப்பி ஒரு டம்ளர் தனியாக வைக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது மாதம் நிழல் போகும் பாதையில் தரையில் இரண்டு மஞ்சள் கோடு இழுத்து, நடுவில் யாரும் நிற்கக் கூடாது என்று மேனேஜர் சுற்றறிக்கை ஒட்டினார். அது விழுந்து கிடக்கும் இடத்தை மிதித்தவர்களுக்கு அன்று முழுக்க உள்ளங்கால் ஜில்லென்று இருக்கும் என்பதும், சாயங்காலம் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்தால் சரியாகிவிடும் என்பதும் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள் ஆயின.

லைன் வீடுகள் என்பது மில்லின் பின்பக்கச் சுவரை ஒட்டி நாற்பத்திரண்டு குடும்பங்கள் இருக்கும் இரண்டு வரிசை ஓட்டு வீடுகள். நாங்கள் பதினேழாவது வீடு. நான் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால் ஐம்பத்து மூன்று நாள் ஸ்டிரைக் நடந்து முடிந்தபோது, பெரிய முதலாளி மில்லுக்கு வந்துகொண்டிருக்கும் காலம்வரை லைன் வீட்டுக் குடும்பங்களை யாரும் வெளியேற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினார்கள். அதில் 'வந்துகொண்டிருக்கும் காலம்வரை' என்ற வார்த்தைகளைச் சேர்க்கச் சொன்னதே பெரிய முதலாளிதான், தனக்குப் பிறகு மகன்கள் கையைக் கட்டிப்போட வேண்டாம் என்று. அவர் இறந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் நாற்பத்திரண்டும் டைப் அடித்துத் தயாராக இருந்தது. ஆனால் நிழல் வந்துவிட்டது. அப்போதிருந்த தொழிலாளர் அலுவலர் வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தன் கண்ணால் பார்த்து, "வந்துகொண்டிருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

வெளியே அவரை வேகமாக மறந்தார்கள். முதல் வருஷ நினைவு நாளுக்குப் பேப்பரில் முழுப் பக்கம் வந்தது, பத்தாவது வருஷம் கைக்குட்டை அளவுக்கு வந்தது, அதற்கப்புறம் வரவில்லை. அவர் பெயர் வைத்த ரோட்டைப் பைபாஸ் விழுங்கியது. நான் பி.காம். படித்தபோது சிறந்த தொழில்முனைவோர் என்று அவரைப் பற்றி இரண்டு மார்க் கேள்வி ஒன்று இருந்தது. எனக்கு அடுத்த வருஷம் புத்தகம் மாறி அதையும் எடுத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் மந்திரிகள் வாசலில் காத்திருந்த மனிதர் இவ்வளவு சீக்கிரம் கரைவார் என்றால் எங்களைப் போன்றவர்கள் எந்தக் கணக்கில் வருவோம் என்று எனக்குப் பயமாக இருக்கும். அவரை நினைத்து இல்லை, வீட்டை நினைத்து. அப்பாவின் நெஞ்சு முழுக்கப் பஞ்சுத் தூசி. ஒருதடவை டவுனில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். அப்பா இருமிய இருமலைக் கேட்டு வீட்டுக்காரர் வீடு போன வாரமே முடிந்துவிட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அப்பாவை வைத்துக்கொண்டு எங்களுக்குப் போவதற்கு வேறு இடம் இல்லை.

லைனில் முதலில் டிகிரி வாங்கியவன் நான் என்பதால் சங்கத்துச் செயலாளர் சீனிப்பாண்டி அண்ணாச்சி மேனேஜரிடம் பேசி என்னை டைம் ஆபீஸில் சேர்த்துவிட்டார். ஆட்கள் வருகிற நேரத்தை எழுதுவது வேலை. கடைசிப் பக்கத்தில் தினமும் பெரிய முதலாளி வந்த நேரத்தையும் எழுத வேண்டும். மாசக் கடைசியில் அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகும்.

நான் சேர்ந்த வருஷம்தான் நிழல் தேய ஆரம்பித்தது, அல்லது அதற்கு முன்னாலேயே தேய்ந்துகொண்டிருந்ததை நான்தான் முதலில் எழுதினேன். குடை பிடித்து வந்த மாடசாமி ஆஸ்பத்திரியில் இறந்த மறுநாள் நிழலுக்கு மேல் குடை இல்லை. தடிக்குப் பூண் அடித்துக்கொடுத்த பிட்டர் சவரிமுத்து போனதும் தடி போயிற்று. தொப்பியைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தவருக்குப் பக்கவாதம் வந்து பெண்டாட்டி பெயரே மறந்த வாரத்தில் தொப்பி மங்கி, ஒரு வெள்ளிக்கிழமை வெறும் தலையோடு நிழல் வந்தது. ஒவ்வொருவரும் அவரில் ஒரு துண்டை வைத்திருந்திருக்கிறார்கள், அவர்கள் போகும்போது அதையும் கொண்டுபோகிறார்கள் என்பது அப்படித்தான் எங்களுக்குப் புரிந்தது. காலில் ஷூ மட்டும் கெட்டியாக இருந்தது. அது யாருடைய நினைப்பு என்று எவருக்கும் தெரியவில்லை.

இதற்குள், இப்போது மில்லை நடத்தும் பேரன் முதலாளி பைபாஸ் பக்கம் இருக்கும் எங்கள் வீடுகளை இடித்து அபார்ட்மென்ட் கட்டுவதற்குப் படம் வரைந்து வாங்கிவிட்டார் என்று பேச்சு வந்தது.

சீனிப்பாண்டி அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. தினமும் சாயங்காலம் சங்கக் கட்டடத்தில் லைன் பிள்ளைகளையும், ஒடிசாவிலிருந்து புதிதாக வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஆட்களையும் உட்காரவைத்துப் பெரிய முதலாளியைப் பாடம் நடத்தினார். மில் பொங்கலுக்குக் கொடுக்கும் காலண்டரைச் சுவரில் மாட்டி, அதிலிருந்த படத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டி, இது நெற்றி, இது மீசை, இது தோள் என்று சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் சேர்ந்து ஒப்பித்தன. நிழல் திரும்பக் கறுக்க ஆரம்பித்தது, மேலே மட்டும்.

பிகாஷ் என்ற ஒடிசாப் பையன், ஸ்பின்னிங்கில் இருப்பவன், ஒருநாள் கை தூக்கினான். "அண்ணாச்சி, இவருக்குக் கால் கிடையாதா?"

"காலண்டர்ல எடம் பத்தலடா. கீழ தேதி போட வேணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு நிழல் மார்பு வரைக்கும்தான் வந்தது. கழுத்தில் காலண்டரில் இருக்கும் மாலை, தலையைச் சுற்றிக் காலண்டரில் இருக்கும் சீரியல் பல்புகள், மார்புக்குக் கீழே கத்தரித்த மாதிரி ஒரு நேர்கோடு. இத்தனை பேர் ஒப்பித்த படத்தில் கால் இல்லாததால் கெட்டியாக இருந்த ஷூவும் போய்விட்டது. நடை இல்லை. தரையோடு தரையாக ஒரு தட்டை இழுத்துக்கொண்டு போவதுபோலப் போயிற்று. கார்டிங்குக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் சுவரில் போய் முட்டி, அங்கேயே காலண்டர் மாட்டியதுபோல ஐந்து நிமிஷம் தொங்கி, அப்படியே காணாமல் போனது. ரீலிங் பெண்களில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பார்த்ததை எழுதுவதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். "10.00. மார்பு வரை வந்தார்" என்று எழுதினேன். அடுத்த நாளும் அப்படியே. மாசக் கடைசியில் நகல் போனது, பத்து நாளில் தொழிலாளர் அலுவலர் நேரில் பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்தது.

ராக்கம்மா சித்தி, எங்களுக்குப் பக்கத்து வீடு, அடிகுழாயில் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா பரமு, உன்னைப் படிக்க வச்சது இதுக்கா? 'வந்தார்'னு ஒத்த வார்த்தை எழுதுனா உன் பேனா ஒடிஞ்சிருமா?"

"பாதிதான் வந்தாரு சித்தி."

"உங்கப்பன் என் மக கல்யாணத்துக்கு இருமி இருமிப் பாதி உசுரோடதான் வந்தாரு. பந்தியில அவருக்குப் பாதி இலையா போட்டோம்?"

பாதி நிறைந்த குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாற்பத்திரண்டு வீட்டையும் நான் ஒருத்தன் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்ற எண்ணம் சோற்றில், தூக்கத்தில், அப்பாவின் இருமலுக்கு நடுவில் வந்துகொண்டே இருந்தது.

தொழிலாளர் அலுவலர் ஹேமலதா என்ற பெண்மணி. ஒரு திங்கட்கிழமை வந்து, ஸ்டூல் வேண்டாம் என்று நின்றுகொண்டே பார்த்தார். மார்பளவு நிழல் வந்தது, வழுக்கியது, சுவரில் தொங்கியது. மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், மார்பு வரைக்கும் மாலையோட இருந்தா அதுக்குப் பேரு போட்டோ. போட்டோ எங்கயும் வர்றதில்ல. நாமதான் மாட்டி வைக்கிறோம்."

ஹேமலதா மேடம் என்னைப் பார்த்தார். "எழுதினது நீங்கதானே? பார்க்காததை எழுதினீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"நானும் பார்க்காததை எழுத மாட்டேன். ஆனா ஒருநாள் பார்த்து முடிவு பண்றதும் சரியில்ல. நாளைக்கு இன்னொரு தடவை வர்றேன். நாளைக்கும் இப்படித்தான்னா, வருகை நின்னுபோச்சுன்னுதான் எழுதணும்."

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் சங்கக் கட்டடத்தில் லைன் மொத்தமும் கூடியது. பெரிய முதலாளியின் கால் ஞாபகம் இருப்பவர்கள் சொல்லுங்கள் என்றார் அண்ணாச்சி. ஒருவர் யானைப் பாதம் மாதிரி இருக்கும் என்றார், இன்னொருவர் செருப்புதான் போடுவார் என்றார், ரிட்டயரான மேஸ்திரி அவர் நடந்தால் பூமி அதிரும் என்றார், ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக் கும்பிட்டவர்கள். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். சங்கத்தில் அம்மா பேசி நான் கேட்டதில்லை.

"நான் அவரு மொகத்தைப் பார்த்ததில்ல," என்றாள். "பதினேழு வருஷம் கார்டிங்ல மெஷினுக்கு அடியில கூட்டுனேன். அவரு வர்றப்ப தலை நிமிரக் கூடாதுன்னு மேஸ்திரி சொல்லியிருந்தாரு. அதனால கால்தான் தெரியும். கறுப்பு ஷூ. வலது குதி வெளிப்பக்கமா தேஞ்சிருக்கும். வலது கால் வச்சா சத்தம் வராது. இடது காலுக்குத்தான் வரும்."

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல சுப்புத்தாயி?" என்றார் அண்ணாச்சி.

அம்மா வலது கையைத் தூக்கிக் காட்டினாள். கடைசி இரண்டு விரலும் மடங்காது. மெஷினில் மாட்டியது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தாள்.

"ஒரு கார்த்திகை மாசம். கழிவுப் பஞ்சை இழுக்கக் கையை நீட்டியிருந்தேன். அவரு அது மேல ஏறி நின்னுட்டாரு. யாரோ பட்டணத்து ஆளுகிட்ட பஞ்சுல ஈரம் எவ்வளவு இருக்கணும்னு பேசிக்கிட்டு நின்னாரு. நான் கத்தல. கத்துனா வேலை போகும், வீடு போகும். மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தேன். முந்நூத்திப் பத்து வந்தப்போ இறங்கிப் போனாரு. தெரிஞ்சு நின்னாரா, தெரியாம நின்னாரா, அது மட்டும் எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அதை யோசிக்க வேணாம், யோசிக்க வேணாம்னுதான் இத்தனை வருஷமும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

மேஸ்திரி எழுந்தார். "பெரிய முதலாளி தங்கமான மனுசன். வாய்க்கு வந்ததைப் பேசாத."

"தங்கம்தான் மேஸ்திரி. அந்தக் கனம் இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ராக்கம்மா சித்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா அதே இடத்தில் உட்கார்ந்தாள், என் பக்கம் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதலில் வந்தது சத்தம். இருபத்து மூன்று வருஷமாகச் சத்தமே இல்லாமல் வந்த நிழல் அன்று ஒரு காலில் மட்டும் டக் என்று ஊன்றி வந்தது. கேட்டைத் தாண்டி ஷூ வந்தது, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே, பாதி வெளுத்துப் போன காலண்டர் தலை. கால் இருந்த இடம் தார் ஊற்றினது போலக் கறுப்பு. ஹேமலதா மேடம் தன்னை அறியாமல் இரண்டடி பின்னால் போனார்.

"அது என்ன சத்தம்?"

"இடது காலுங்க மேடம்," என்றேன்.

அவர் மேனேஜரைப் பார்க்காமல் எழுதினார்: வந்துகொண்டிருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். லைனில் கேசரி கிண்டினார்கள். அடிகுழாயில் என்னைத் திட்டியவர்களே என் வாயில் ஊட்டினார்கள். அம்மா தனக்குக் கொடுத்த கேசரியைத் தட்டோடு மூடி வைத்தாள்.

ஆனால் நிழல் பழைய வழியில் போகவில்லை. நூல் அறுந்த மெஷின்களை அது திரும்பிப் பார்ப்பதில்லை. நேராகக் கார்டிங்குக்குப் போய், கடைசி மெஷினுக்கு அடியில் ஒரு இடத்தில் நின்றது. முதல்நாள் அங்கே கூட்டிக்கொண்டிருந்த ஒடிசாப் பெண், பிகாஷின் தங்கை, பஞ்சை விட்டுவிட்டுக் கையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓடினாள். நான் வாட்சைப் பார்த்து எண்ணினேன். முந்நூற்றுப் பத்து எண்ணி முடிந்தபோது அது நகர்ந்தது. பத்து மணிக்கு அந்த இடத்தில் யாரும் கூட்ட வேண்டாம் என்று சுற்றறிக்கை வந்தது, மஞ்சள் கோட்டை அங்கே வரைக்கும் நீட்டினார்கள், ஒரு மாசத்தில் அதுவும் பழகிப்போனது.

பழகாதது அதற்குப் பிறகு வந்தது. ஐப்பசியில் ஒருநாள் நிழல் கார்டிங்கில் நிற்காமல், பின்பக்கச் சுவரின் சின்ன கேட்டைத் தாண்டி லைனுக்குள் நுழைந்தது. உயிரோடு இருந்தபோது அவர் லைனுக்கு ஒருதடவைகூட வந்ததில்லை. ஒவ்வொரு வாசலாக டக், டக் என்று தாண்டிப் பதினேழாவது வீட்டு வாசலில் நின்றது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் பத்து அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே லைன் முழுக்கக் கதவுகளைச் சாத்திப் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். எங்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ராக்கம்மா சித்தி மட்டும் ஒருநாள் ஜன்னல் வழியாக, "பயப்படாதீங்க அக்கா, அஞ்சு நிமிசம்தானே," என்றாள், சொல்லிவிட்டு ஜன்னலையும் சாத்தினாள்.

நான் அந்த நேரத்துக்கு டைம் ஆபீஸில் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவருவேன். அம்மா கதவைச் சாத்துவதில்லை. நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். நிழல் படியேறி, வாசற்படியைத் தாண்டி, அம்மாவின் மடி வரைக்கும் விழும். உள்ளே கட்டிலில் அப்பாவின் இருமல் நின்றுவிடும். மூச்சு இருக்கிறதா என்று நான் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். அம்மா உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருப்பாள்.

"நாம போயிரலாம்மா," என்றேன் ஒருநாள், அது போன பிறகு. "எங்கயாவது."

"எங்க?"

"எங்கயாவது."

"உங்கப்பாவைத் தூக்கிக்கிட்டா? சரி, போவோம். எனக்கு மறக்கும். நிம்மதியாத் தூங்குவேன். மறந்ததும் இவரு வர மாட்டாரு. மீதி நாப்பத்தோரு வீடு என்ன செய்யும்?" நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, "நான் எத்தனை நாளைக்கு? அதுக்கப்புறம் தானா நிக்கும்," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு ஆறுதல் இருந்தது.

அந்த ஆறுதலைக் கெடுக்கக் கூடாது என்று ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் என்னால் முடியவில்லை, யாரும் சொல்லாமல் எனக்குள் வந்திருந்த ஒரு ஞாபகம் நிஜமா என்று தெரிய வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை, நிழல் வாசலில் நின்றுகொண்டிருந்தபோதே, அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதோரம் கேட்டேன்.

"அம்மா, அவரோட இடது ஷூவுல லேஸ் இல்ல. அறுந்துபோயி, நம்ம மில்லு நூலைத் திரிச்சுக் கட்டியிருந்தாரு. வெள்ளையா. நுனி பிரியாம இருக்க மெழுகு வச்சிருந்தாரு. அப்படித்தானே?"

அம்மா எண்ணுவதை நிறுத்தினாள். நிழலில் லேஸ் தெரியாது. கறுப்பில் வெள்ளை தெரியாது.

"அதை நான் சங்கத்துல சொல்லலையே," என்றாள்.

"சொல்லல."

"உங்கப்பாகிட்டகூடச் சொன்னதில்ல."

"ஆமாம்மா."

அவள் என் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்து, மேலே தன் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டாள். நிழல் அசையவில்லை. விட்ட இடத்திலிருந்து எண்ண அவளால் முடியவில்லை, அதனால் நான் எண்ணினேன்.

எனக்கு இருபத்து மூன்று வயது. அன்று சங்கக் கட்டடத்தில் ராக்கம்மா சித்தியின் பேத்தியும் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்கு ஐந்து வயது நடக்கிறது.